காங்ராவில் எங்கள் வாசலில் ஓடிய கூல்

"தர்மசாலாவுக்கு எத்தனை நாள் ஒதுக்கினால் போதும்?" என்று மாதத்துக்கு ஒருவராவது போனில் கேட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் என்று மனதில் போட்டுக்கொண்டுதான் கேட்கிறார்கள். மெக்லியோட்கஞ்சில் ஒரு நாள், கிரிக்கெட் மைதானம், ஒரு அருவி, அப்புறம் மணாலிக்கு வண்டி. அவர்களிடம் போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

2016 முதல் 2019 வரை நான் இமாச்சலப் பிரதேசத்தில், தர்மசாலா இருக்கும் காங்ரா மாவட்டத்தில் குடியிருந்தேன். கணவருக்கு ராணுவத்தில் வேலை. தர்மசாலாவிலிருந்து சாமுண்டா தேவி கோயிலுக்குப் போகும் வழியில் யோல் என்று ஒரு ராணுவ ஊர் இருக்கிறது, அங்கே மாற்றல். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட இத்தாலிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த ஊர் அது. நாங்கள் போனபோது குவார்ட்டர்ஸ் காலி இல்லை. அதனால் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மண்வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தோம். சுவர் மண், கூரை முழுக்கக் கல் ஸ்லேட். அந்த வீட்டு அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. நான் அவரை அம்மாஜி என்பேன், அவர் என்னை பேட்டா என்பார். இந்த மாவட்டத்தை எனக்குக் காட்டியவர் அவர்தான்.

பதான்கோட்டிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வடக்கே வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. மேகம் என்று நினைத்தேன். வெளிச்சம் ஏற ஏற அது கலையவே இல்லை. தவுலாதார் மலைத்தொடர். தவுலா என்றால் வெள்ளை, தார் என்றால் மலைமுகடு. இமயத்தில் பல இடங்களில் குன்று, அதற்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் பனிமலை என்று படிப்படியாக ஏறும். இங்கே அப்படி இல்லை. நெல் வயலும் மூங்கிலும் மாமரமும் இருக்கும் பள்ளத்தாக்கிலிருந்து 4500 மீட்டருக்கும் மேலாக ஒரே சுவராக எழுந்து நிற்கிறது. மாடு கட்டியிருக்கும் கொட்டிலுக்கு மேலே தலையை நிமிர்த்தினால் பனி.

சமவெளியிலிருந்து வரும் மழைமேகமெல்லாம் இந்தச் சுவரில் மோதித்தான் கொட்டும். தர்மசாலாவில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. மழை போக, மேலே உருகும் பனி. இந்தத் தண்ணீர் கட்டி முடித்த மாவட்டம்தான் காங்ரா. நான் அங்கே பார்த்த எதுவும், கோட்டை, கோயில், தேயிலை, ரயில், எல்லாமே ஏதோ ஓர் ஓடையின் கரையில்தான் இருந்தன. ஓடையை அங்கே கட் என்பார்கள். பனேர் கட், நியூகல் கட், கஜ் கட் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. எல்லாம் தெற்கே ஓடி பியாஸ் ஆற்றில் சேரும்.

எங்கள் வீட்டு வாசலில் ஓடியது ஒரு கூல். கட்டிலிருந்து மேலே ஓரிடத்தில் கல் அடுக்கித் தண்ணீரைத் திருப்பி, மலைச்சரிவின் மட்டம் பிடித்துக் கொண்டுவரும் வாய்க்காலுக்குத்தான் அந்தப் பெயர். ஒன்றரை முழ அகலம். கோடையிலும் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். போன புதிதில் ஒரு நாள் காலையில் குழந்தையின் துணிகளை எடுத்துக்கொண்டு போய் அதில் சோப்புப் போட்டு அலச உட்கார்ந்துவிட்டேன். அம்மாஜி கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். குரலை உயர்த்தவில்லை. என் கையைப் பிடித்து எழுப்பி, வாய்க்கால் ஓரமாகவே நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். நாலு வீடு தள்ளி ஒரு பெண் அதே தண்ணீரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்கும் கீழே ஒரு கராட், அதாவது தண்ணீர் விசையில் சுற்றும் மாவு மில். கல் சுழலச் சுழல மக்காச்சோள மாவு பூவாக விழுந்துகொண்டிருந்தது. அதற்கும் கீழே, வயலுக்குப் பிரியும் இடத்தைத் தாண்டி ஒரு கல்லைக் காட்டி, "துணி இங்கே" என்றார். அவ்வளவுதான். அந்த அரை மணி நேர நடையில் அந்த ஊர் எப்படி இயங்குகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

கூலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் உண்டு. கோஹ்லி என்று பெயர். யாருக்கு எப்போது தண்ணீர், எந்த மடையை எவ்வளவு நேரம் திறப்பது, எங்கே கரை உடைந்தது, எல்லாம் அவர் பொறுப்பு. அறுவடை முடிந்ததும் வீடு வீடாக வந்து தானியம் வாங்கிக்கொள்வார். எனக்கு இது புதிதாகவே தோன்றவில்லை. நான் மதுரைப் பக்கம். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்க்கட்டி இருந்தார், களத்தில் அவருக்கு நெல் அளந்து கொடுத்த பிறகுதான் மூட்டை வீட்டுக்கு வரும். எங்கள் ஊரில் அந்த வழக்கம் என் கண்ணெதிரே நின்றுபோனது. காங்ராவில் கோஹ்லியைப் பார்த்தபோது, போன ஒருவர் திரும்பி வந்து வாசலில் நின்றதுபோல் இருந்தது. 

காங்ரா பள்ளத்தாக்கில் இப்படி எழுநூறுக்கும் மேற்பட்ட பெரிய கூல்கள் உண்டு. சிலவற்றை வெட்டியது காங்ராவை ஆண்ட கட்டோச் வம்சத்து அரசர்கள், ராணிகள். மற்றவற்றை ஊர்க்காரர்களே வெட்டியிருக்கிறார்கள். எந்த ஊருக்கு எவ்வளவு உரிமை என்று ஆங்கிலேயர் காலத்தில் எழுதி வைத்த பதிவேடு இன்றைக்கும் சண்டை தீர்க்க உதவுகிறது. தண்ணீர் ஏறாத கூலுக்காக மருமகளை உயிரோடு வைத்துக் கட்டினார்கள் என்ற கதையும் உண்டு. அதைச் சொல்லும்போது அம்மாஜியின் கண் கலங்கிவிடும். கதைதானே என்று நான் ஒரு முறை சொன்னேன். "மருமகளைத்தானே வைத்தார்கள், மகளை இல்லையே" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மழைக்காலத்தில் மேலே அடுக்கிய கல்லை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது கோஹ்லி சொல்லி அனுப்பினால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். கணவருக்கு டூட்டி. எங்கள் பாதி வீட்டுக்காக நான் போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கைமாற்றிக் கல் எடுத்துக் கொடுத்தது, ஒரு கிழவர் எனக்கு வெல்லமும் கறுப்பு டீயும் கொடுத்தது, தண்ணீர் திரும்பி வாய்க்காலில் இறங்கியபோது எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது எல்லாம் அப்படியே இருக்கிறது. இது எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் வராது.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். காங்ராவில் யாரிடம் பழைய கதை கேட்டாலும் ஒரு தேதியில் வந்து நிற்பார்கள். 1905 ஏப்ரல் 4, காலை ஆறு மணி இருபது நிமிட அளவில் வந்த நிலநடுக்கம். இருபதாயிரம் பேர் போல இறந்தார்கள். குளிர் இன்னும் விடாத காலம், பலர் வீட்டுக்குள் படுத்திருந்தார்கள். கனமான ஸ்லேட் கூரைகள் அப்படியே அமுக்கிவிட்டன. அம்மாஜியின் மாமியாருக்கு அன்றைக்கு ஆறு வயது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அப்பாவோடு வெளியே போயிருந்ததால் பிழைத்தார். அந்தக் குழந்தை பிழைக்காவிட்டால் எனக்கு வாடகைக்கு விட அந்த வீடு இருந்திருக்காது. நிலச்சரிவில் கூல்கள் மூடிப்போயின, ஊர் ஊராகத் திரும்ப வெட்டினார்கள்.

காங்ரா கோட்டைக்குப் போனால் இதை நேரில் பார்க்கலாம். பாண்கங்காவும் மாஞ்சி ஆறும் கூடும் இடத்தில், மூன்று பக்கம் பாதாளமாக இறங்கும் பாறைமேல் நிற்கிறது. 1009இல் கஜினி முகமது கொள்ளையடித்த நகர்கோட் இதுதான். 1620இல் ஜஹாங்கீர் பிடித்தார். பிறகு கட்டோச் அரசர் சன்சார் சந்த் மீட்டார். 1809இல் ரஞ்சித் சிங் கைக்குப் போனது, 1846இல் ஆங்கிலேயருக்கு. இத்தனை பேர் முற்றுகையிட்டும் நின்ற கோட்டையைச் சில நொடிகளில் பூமி உடைத்துப் போட்டது. உள்ளே ஒரு கோயிலின் பின்சுவர் மட்டும் சிற்பத்தோடு நிற்கும், அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் துண்டுகளாகப் புல்லில் கிடக்கும். வாசல் வாசலாக மேலே ஏறிப் போங்கள், கடைசியில் மதில் ஓரம் நின்றால் கீழே ஆறு, எதிரே தவுலாதார். மாலை நாலு மணிக்குமேல் போவது நல்லது.

மெக்லியோட்கஞ்சிலும் அந்த நிலநடுக்கத்தின் தடம் இருக்கிறது. தேவதாரு மரங்களுக்கு நடுவே செயின்ட் ஜான் தேவாலயம், அதன் மணிக்கூண்டு அன்றைக்கு விழுந்தது. பிறகு இங்கிலாந்தில் வார்த்துக் கொண்டுவந்த மணி இப்போது வெளியே தனியாக நிற்கிறது. 1863இல் இங்கே இறந்த வைஸ்ராய் எல்ஜின் பிரபுவின் கல்லறையும் அங்கேதான். நிலநடுக்கத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் போய்விட, ஊர் ஆளில்லாமல் கிடந்தது. 1960இல் தலாய் லாமா இங்கே குடிவந்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. அவருடைய கோயிலில் காலை ஏழு மணிக்குச் சுற்றுப்பாதையில் நடக்கும் திபெத்தியப் பாட்டிகளோடு நடந்து பாருங்கள். மெக்லியோட்கஞ்ச் பற்றி இணையம் முழுக்க எழுதிக் கிடப்பதால் இதற்கு மேல் நான் எழுதவில்லை. ஒன்றே ஒன்று. பாக்சு அருவிக்குக் கீழே ஓடைக்கு மிக நெருக்கமாகக் கட்டடங்கள் ஏறிக்கொண்டே இருந்ததை நான் அங்கிருந்தபோதே பார்த்தேன். 2021 ஜூலையில் அங்கே வெள்ளம் வந்து கார்களைப் புரட்டிக்கொண்டு போன வீடியோவை ஊரில் உட்கார்ந்து பார்த்தபோது நெஞ்சு படபடத்தது. தண்ணீருக்கு விட வேண்டிய வழியை அந்த மாவட்டத்துக் கிழவர்கள் ஒவ்வொருவரும் அறிவார்கள். அவர்களைக் கேட்டிருக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

நிலநடுக்கம் தேயிலையையும் மாற்றியது. பாலம்பூரைச் சுற்றி இருக்கும் தோட்டங்களில் வளர்வது சீன வகைச் செடி, 1849 வாக்கில் கொண்டுவந்து நட்டது. தோட்டத்துத் துரைகள் 1905க்குப் பிறகு விற்றுவிட்டுப் போனார்கள், உள்ளூர்க்காரர்கள் வாங்கினார்கள். காங்ரா தேயிலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பால் ஊற்றாமல் குடியுங்கள். வெளிர்மஞ்சளாக இருக்கும், பூ வாசனை வரும். நமக்குப் பழகிய டிகாக்ஷன் டீ மாதிரிக் கொதிக்க வைத்தால் அதன் குணமே போய்விடும்.

அந்த அதிர்ச்சியைத் தாங்கி நின்றவற்றில் பைஜ்நாத் சிவன் கோயில் ஒன்று. 1204இல் இரண்டு வணிகச் சகோதரர்கள் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. ராவணன் சிவனை நோக்கித் தவம் செய்த இடம் என்று நம்பிக்கை. அதனால் தசராவுக்கு வட இந்தியா முழுக்க ராவணனை எரிக்கும்போது பைஜ்நாத்தில் எரிப்பதில்லை. சிவபக்தனை எரிக்கலாமா என்று அங்கே கேட்கிறார்கள். எனக்கு அந்த ஊர்மேல் தனிப் பிரியம் வந்தது அதைக் கேட்ட பிறகுதான்.

மஸ்ரூர் கோயில்களை யாரும் தவற விடக்கூடாது. ஒரே மணற்பாறைக் குன்றை மேலிருந்து குடைந்து செதுக்கிய கோயில்களின் கூட்டம், எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கடினம் தெரியும். அங்கே ஒன்று, இங்கே குன்று முழுக்கச் சிகரங்கள். முன்னால் பாறையிலேயே வெட்டிய நீள்சதுரக் குளம். காற்று அடங்கிய வேளையில் சிகரம் எல்லாம் தலைகீழாகத் தண்ணீரில் இறங்கி நிற்கும். வேலை பாதியில் நின்றுபோன பகுதிகளும் உண்டு, உளித்தடம் தெரியும். நாங்கள் போன அன்று எங்களைத் தவிர இரண்டு ஆடு மேய்க்கும் பையன்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

ஆடு என்றதும் கத்திகளைச் சொல்ல வேண்டும். கத்தி என்பது இடையர் சமூகத்தின் பெயர். கோடையில் மந்தையை ஓட்டிக்கொண்டு 4342 மீட்டர் உயரமுள்ள இந்திரஹார் போன்ற கணவாய்களைத் தாண்டி சம்பா பக்கம் போய்விடுவார்கள். இலையுதிர் காலத்தில் இறங்கி வருவார்கள். இடுப்பில் ஆட்டு மயிரில் திரித்த கறுப்புக் கயிறு சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கும். அறுத்த வயலில் இரவு கிடை போடுவார்கள், வயல்காரர் தானியம் கொடுப்பார். விடியும் முன்னால் எங்கள் வாசல் வழியாக நூற்றுக்கணக்கான ஆடுகள் கூலைத் தாண்டித் தாண்டிப் போகும் சத்தத்தில் என் பெண் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

சாப்பாட்டில் தாம் என்ற விருந்து. கல்யாணத்துக்கோ கோயில் காரியத்துக்கோ கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். போட்டி என்ற பரம்பரைச் சமையல்காரர்கள், நீளக் குழி வெட்டி விறகு போட்டு, வாய் குறுகிய பித்தளைப் பானைகளில் சமைப்பார்கள். தரையில் வரிசையாகப் பந்தி, தைத்த இலையில் சோறு. கொண்டைக்கடலையைத் தயிரில் வேகவிட்ட மத்ரா, ராஜ்மா, புகை மணக்கும் கறுப்பு உளுந்து, புளிப்பான கட்டா, கடைசியில் இனிப்புச் சோறு. ஒவ்வொன்றாக வரும், வரிசை முடியும் வரை யாரும் எழக்கூடாது. வட இந்தியாவில் மூன்று வருடம் சப்பாத்தி என்று நினைத்துப் போன எனக்கு, சோற்றை நடுவில் வைத்து வரும் அந்தப் பந்தி வீட்டு நினைவைக் கொண்டுவந்துவிட்டது.

பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர்நகர் வரை 164 கிலோமீட்டர் ஓடும் சின்ன ரயிலைப் பற்றியும் எழுத வேண்டும். தண்டவாள அகலம் 762 மில்லிமீட்டர்தான். 1926இல் தொடங்கி 1929இல் திறந்தார்கள், ஜோகிந்தர்நகர் நீர்மின் நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மலைப்பாதை முழுக்க இரண்டே சுரங்கங்கள். மலையைக் குடையாமல் வளைந்து வளைந்து போவதால் தவுலாதார் ஜன்னலோடு கூடவே வரும். பெண்கள் சாக்கில் காய்கறியோடு ஏறுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஏறுவார்கள். 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் பதான்கோட் அருகே சக்கி ஆற்றுப் பாலம் விழுந்தது. போவதற்கு முன்னால் எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 

அந்த ரயிலில்தான் 2018 மே மாதம் அம்மாஜியைக் கூட்டிக்கொண்டு குலேர் பக்கம் போனேன். நைன்சுக், மனாக்கு என்ற ஓவியச் சகோதரர்களின் ஊர் குலேர், காங்ரா ஓவியம் என்று உலகம் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அம்மாஜி வந்தது ஓவியத்துக்காக இல்லை. குலேர் பக்கத்தில் தண்டவாளமே பழைய இடத்தில் இல்லை. பாங் அணைக்காக எழுபதுகளில் இடம் மாற்றிப் போட்டது. 1974இல் கட்டி முடிந்த அந்த அணை பியாஸைத் தேக்கியபோது ஹல்தூன் பள்ளத்தாக்கு மூழ்கியது. மாவட்டத்திலேயே நல்ல மண் அங்கேதான் என்று இன்னமும் சொல்வார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. தண்ணீர் ராஜஸ்தானத்துக்குப் போனது, இவர்களுக்கு நிலமும் ராஜஸ்தானத்துப் பாலை ஓரத்தில்தான் என்று ஏற்பாடு. பலரால் அங்கே தங்க முடியவில்லை. அம்மாஜி பிறந்த வீடு ஹல்தூனில் இருந்தது. அவர் கல்யாணமாகி வந்துவிட்டார். அண்ணன் போய், இரண்டு வருடத்தில் திரும்பி வந்து, பிறகு கடைசி வரை வாடகை வீட்டிலேயே இருந்தார்.

இப்போது அது ஏரி. 2002 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்த நீர்நிலை. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் பல்லாயிரக்கணக்கில் இறங்கும். பறவை பார்க்கிறவர்கள் ஜனவரியில் போகலாம். மே மாதத்தில் தண்ணீர் உள்வாங்கிவிடும். அப்போது பாத்து கி லடி என்ற கோயில்கள் வெளியே வரும். ஆண்டில் எட்டு மாதம் போல ஏரிக்குள் முங்கிக் கிடப்பவை. பாத்து என்ற கல்லில் கட்டியதால் அந்தப் பெயர். பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் படி கட்டத் தொடங்கிய இடம் என்பார்கள்.

ஜவாலி பக்கமிருந்து ஜீப் பிடித்து ஏரித்தரையில் போனோம். கண்ணுக்கெட்டிய வரை பச்சைப் புல், நடுவில் கறுத்த கோயில்கள், தூரத்தில் நீலத் தண்ணீர், அதற்கும் பின்னால் தவுலாதார். படம் எடுக்க வந்தவர்கள் கோயில் பக்கம் போனார்கள். அம்மாஜி வேறு பக்கம் நடந்தார். கோயிலிலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று அவருக்குக் கணக்கு இருந்தது. ஓரிடத்தில் நின்றார். எனக்கு அங்கே புல்லும் சேறும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் கோலால் கிளறினார், உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்று வந்தது. துடைத்துப் பார்த்தார். எங்கள் வீட்டுடையதா, பக்கத்து வீட்டுடையதா என்று தெரியவில்லை என்றார். எடுத்துக்கொண்டு போகலாமே என்றேன். வேண்டாம் என்று அதே இடத்தில் வைத்தார்.

திரும்பும்போது ஏரி ஓரம் வரை நடந்து போய் ஒரு கை தண்ணீர் அள்ளினார். பனேர் கட் இங்கேதானே வந்து சேர்கிறது, அப்படியென்றால் நம் வீட்டுக் கூலில் மிஞ்சிய தண்ணீரும் இங்கேதான் இருக்கும், இல்லையா பேட்டா என்று கேட்டார். ஆமாம் அம்மாஜி என்றேன். நாலு மணிக்கு ஜீப்காரர் ஹாரன் அடித்தார், கிளம்பினோம்.